ஆறு வாரக் கெடுபிடி

“வாளியைக் கீழே வை! நீ துணி அலசுற லட்சணம்தான் ஊருக்கே தெரியுமே!”

மாமியார் போட்ட சத்தத்தில் மருமகள் கையை இழுத்துக்கொண்டாள். கிழவி முனகிக்கொண்டே வாளியைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள்.

பத்து நாளாக இதே கூத்துதான். எதைத் தொட்டாலும் ஒரு குத்தம். நேற்று இரண்டு பழைய தலையணைகளைக் கொண்டுவந்து கட்டிலில் எறிந்தாள். “வைக்க இடமில்லை. உன் தலைக்கே வச்சுக்கோ.” போன மாதம் தலைவலி மாத்திரையைக்கூடப் பிடுங்கி ஒளித்துவிட்டாள்.

மருமகளுக்கு ஒரு பக்கம் ரோஷம், ஒரு பக்கம் அப்பாடா என்றிருந்தது. மார்பைப் பெரிதாக்கும் ஆபரேஷன் முடிந்து பத்தே நாள் ஆகியிருந்தது. பிள்ளைக்குப் பால் நிறுத்தியதிலிருந்து கண்ணாடி முன் நின்று புழுங்கியவள், துணிந்து செய்துகொண்டாள். கணவனுக்கு மட்டும்தான் தெரியும். வீட்டில் சொன்னது, “ஆபீஸ்ல வழுக்கி விழுந்து தோள்பட்டை பிசகிடுச்சு.”

மாமியாரிடம் உண்மையைச் சொல்ல முடியுமா? டிவியில் ஒரு நடிகையைப் பார்த்து, “இருக்கிறது போதாதுன்னு கத்தி வச்சுக்கிறாளுங்க, கண்றாவி!” என்று சிரித்தவளாச்சே. தெரிந்தால் மானம் கப்பலேறிவிடும்.

டாக்டரம்மாவோ கறாராகச் சொல்லியிருந்தாள். “ஆறு வாரத்துக்குக் கனம் தூக்கக் கூடாது. குழந்தையையும்தான்.”

அதுதான் பெரிய வேதனை. அன்று சாயங்காலம் இரண்டு வயது மகள், “அம்மா, தூக்கு!” என்று ஓடிவந்தாள். பெற்ற மனசு கேட்குமா? மருமகள் குனிந்தேவிட்டாள்.

அதற்குள் மாமியார் பாய்ந்து வந்து குழந்தையைப் பறித்தாள். “எப்பப் பாரு அம்மா, அம்மா! வாடி இங்க!”

குழந்தை வீறிட்டது. மருமகளுக்குக் கண் கலங்கிவிட்டது.

பக்கத்து வீட்டு அக்காவுக்கே பொறுக்கவில்லை. “பெத்தவகிட்ட இருந்து பிள்ளையைப் பிடுங்குற ராட்சசியை இப்பத்தான்மா பார்க்கிறேன். எனக்கு வாய்ச்சிருந்தா நடக்கிறதே வேற!”

ஆறு வாரம் எப்படியோ ஓடியது. பேங்குக்குப் போவதாகச் சொல்லிவிட்டு டாக்டரம்மாவிடம் போனாள்.

“தழும்பு நல்லா ஆறியிருக்கு. இனிமே தூக்கலாம். ஆனா ஆயுசுக்கும் கவலையில்லைன்னு இருந்துடாதீங்க. அப்பப்ப வந்து காட்டணும்.”

துள்ளாத குறையாக வீடு திரும்பினாள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மாமியார் வாசலிலேயே நின்றாள்.

“தூக்கலாம்னு சொல்லிட்டாங்களா?”

“யா… யாரு அத்தை? நான் பேங்குக்கு…”

“போதும் போ. ‘ஆபரேஷனுக்கு முன், ஆபரேஷனுக்குப் பின்’னு ஆஸ்பத்திரியில கொடுத்த சீட்டை ஒளிச்சு வைக்க உனக்கு என் மிளகாய் டப்பாதான் கிடைச்சுதா? நீ அட்மிட் ஆகிறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே நான் படிச்சாச்சு. முன்னாடி தலைவலி மாத்திரை கூடாது, பின்னாடி தலையை உயர்த்திப் படுக்கணும்னு எல்லாம் அதுலதானே போட்டிருந்துச்சு!”

மருமகள் மெல்லக் கேட்டாள். “அப்ப… ஏன் அத்தை ஒண்ணும் கேட்கலை?”

“நீ சொல்லக் கூச்சப்படுறப்ப நான் எப்படிம்மா கேட்கிறது? ‘உட்காரு’ன்னு அன்பாச் சொன்னா நீ உட்காருவியா? அதான் திட்டி உட்கார வச்சேன். இந்தா, பிடி உன் பொண்ணை. ஆறு வாரமா தூக்கித் தூக்கி என் இடுப்புதான் ஒடிஞ்சுபோச்சு!”