சாக மறுத்த மார்த்தா

மெல்போர்ன் வானொலியின் தொடர்நாடகம் ஒன்றில் எட்னா கார்வி பதினோரு ஆண்டுகளாக விதவை மார்த்தாவாகப் பேசிவந்தார். நாடகம் தொலைக்காட்சிக்குப் போகவிருந்தது. “உங்க குரல் சரி மேடம், முகம் எடுபடாது,” என்றார் தயாரிப்பாளர். வெள்ளிக்கிழமை நேரடி ஒலிபரப்பில் மார்த்தா சாவதாக எழுதிவிட்டார்கள்.

கடைசி மூச்சு வரவேண்டிய இடத்தில் எட்னா வசனத்தாளைக் கவிழ்த்து வைத்தார்.

“டாக்டர், எனக்குப் பசிக்குது.”

ஒலிக்கூடக் கண்ணாடிக்கு அப்பால் தயாரிப்பாளர், நிறுத்தச் சொல்லிக் கழுத்தை அறுப்பதுபோல் சைகை காட்டினார். எட்னா அவரையே பார்த்தபடி மைக்கில் பேசினார். “அந்த ஜன்னலத் திறந்துவிடுங்க. நான் எங்கயும் போறதா இல்ல.”

டாக்டராக நடித்தவருக்கு மிச்சமிருந்தது ஒரே வசனம், மார்த்தா இறந்துவிட்டாள் என்பது. தாளைப் பார்த்தார். எட்னாவைப் பார்த்தார். பிறகு மைக்கை நெருங்கினார்.

“சூப் கொண்டுவரச் சொல்லட்டுமா?”