தப்பாக ஒரு வார்த்தை

காலடிச் சத்தம் கேட்டதும் மனநல மருத்துவர், கையிலிருந்த மாத்திரை டப்பாவை மேஜை டிராயருக்குள் தள்ளிப் பூட்டினார். வருகிறவர் கண்ணில் அது படக் கூடாது.

“வார்த்தை கிடைச்சுதா டாக்டர்?” என்று கேட்டபடியே உள்ளே வந்த கவிஞர், நோயாளிகளின் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

ஊரே கொண்டாடும் கவிஞர்; நெடுநாள் சிநேகிதர். மருத்துவரின் மனைவி காலமான அடுத்த மாதம் இதே நாற்காலியில் வந்து உட்கார்ந்து, “வாழப் பிடிக்கலை டாக்டர். ஒரு கவிதை பாக்கி இருக்கு. அது முடிஞ்சதும் போயிடுவேன்” என்று தலையில் குண்டைத் தூக்கிப் போட்டவர்.

கவிதையில் பாக்கி ஒரே ஒரு சொல்தான்.

‘செருப்பை மாட்டிவிட்டாய், கதவையும் திறந்துவிட்டாய்,
போகுமுன் நண்பா, ஒரே ஒரு சொல்:’

அதற்கு மேல் ஓடவில்லையாம். “நீங்கதான் கண்டுபிடிச்சுக் குடுக்கணும். வாரா வாரம் வருவேன்” என்று சொல்லிவிட்டார்.

மருத்துவருக்கும் கவிதைக்கும் ஏழாம் பொருத்தம். சிநேகிதர் எழுதியதில் ஒரு வரிகூடப் படித்ததில்லை. ஆனால் தொழில் தெரியும். சாகத் துணிந்தவனை எப்படித் தடுப்பீர்கள் என்று கவிஞரே ஒரு சமயம் கேட்டிருக்கிறார்.

“அரைகுறையா ஒரு வேலையைக் கையில குடுத்து, அடுத்த வாரம் வான்னு அனுப்பிடுவேன். பாதி வேலையை விட்டுட்டுப் போக யாருக்கும் மனசு வராது” என்று அப்போது மருத்துவர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

ஆக, கவிதை முடியவே கூடாது. வாரம் தவறாமல் ஒரு தப்பான வார்த்தையைத் தேடிப் பிடித்துச் சொன்னார். ‘அழு’ என்றார், ‘மற’ என்றார், வெட்கத்தை விட்டு ‘டாட்டா’ என்றுகூடச் சொன்னார். கவிஞர் உதட்டைப் பிதுக்கி, “ஒட்டலையே” என்று எழுந்து போவார். இன்னொரு வாரம் கிடைத்துவிடும்.

மற்ற நோயாளிகளை எல்லாம் வேறு மருத்துவரிடம் ஒப்படைத்தாகிவிட்டது. இந்த ஒருவரை மட்டும் கரை சேர்த்துவிட்டால் பாரம் இறங்கிவிடும்.

இன்றைக்குப் பார்த்து ஒரு வார்த்தையும் வரவில்லை. தூக்கமில்லாத மண்டை மரத்துப் போயிருந்தது. “தண்ணி கொண்டு வர்றேன்” என்று பக்கத்து அறைக்கு ஓடி, வெளியூரில் இருக்கும் மகளுக்குப் போன் போட்டார்.

“அம்மாடி, ஒரு உசிரு ஊசலாடுது. தப்பா ஒரு வார்த்தை சொல்லும்மா!” மூச்சிரைக்க அந்த வரிகளை ஒப்பித்தார்.

“தப்பா எதுக்குப்பா? சரியானதே தெரியுமே. ‘இரு’. கவிஞர் மாமா எழுதினதுதானே! ஸ்கூல்ல மனப்பாடப் பாட்டு. அம்மாதான் சொல்லிக் குடுத்தாங்க. நீங்க எங்கப்பா அப்ப வீட்ல இருந்தீங்க?”

மருத்துவர் காலி டம்ளரோடு திரும்பி வந்தார். கோபமா அழுகையா என்று அவருக்கே புரியவில்லை.

“என்னை முட்டாளாக்கிட்டீங்களே கவிஞரே! எப்பவோ முடிஞ்ச கவிதையை வச்சுக்கிட்டு, போயிடுவேன் போயிடுவேன்னு ஏன் இப்படிப் பதற வச்சீங்க?”

கவிஞர் எழுந்து வந்தார். பூட்டியிருந்த டிராயரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சிநேகிதரின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

“போகக் கிளம்பினது நானில்லையே டாக்டர். இருங்க.”