அண்ணன் இருந்த இடம்

மழைக்காட்டில் ஒரு இருவாச்சிப் பறவை போட்ட எச்சத்தோடு அத்தி விதையொன்று பலாமரத்தின் கிளையிடுக்கில் விழுந்து முளைத்தது.

"ஓரமா ஒண்டிக்கிறேண்ணே. உங்ககிட்ட தண்ணிகூட கேக்கமாட்டேன்" என்றது அத்தி.

சொன்ன சொல் தவறவில்லை. தன் வேர்களைத் தானே தரைவரை இறக்கிக் குடித்துக்கொண்டது. அந்த வேர்கள் பலாவைச் சுற்றிப் பின்னி இறுகின.

"மூச்சு முட்டுது தம்பி" என்றது பலா.

"காத்துல சாஞ்சிருவீங்கண்ணே. அதான் புடிச்சிட்டிருக்கேன்."

பல வருடங்களில் பலா பட்டுப்போய், உளுத்து, மண்ணாகிவிட்டது. வேர்களுக்கு நடுவே அது நின்ற அளவுக்குப் பெரிய பொந்து மிஞ்சியது.

முட்டையிட இடம் தேடி வந்த இருவாச்சி எட்டிப் பார்த்தது. "காலியாத்தானே கெடக்கு?"

"அது எங்கண்ணன் இருந்த எடம்" என்றது அத்தி. "வேற யாருக்கும் குடுக்கிறதில்ல."