கேக்கில் ஒரு கறுப்புக் கோடு

ஷகிலா பரபரவென்று கத்தியைக் கேக்கில் இறக்குகிறாள். காரிமங்கலம் பள்ளியின் 1987 அறிவியல் கண்காட்சியில் நடுவர் பக்கத்து மேசைக்கே வந்துவிட்டார். இதில் ஜெயித்தால்தான் தர்மபுரிக்கு மாவட்டப் போட்டி. வெட்டிய பக்கத்தில் ஜன்னல் வெயில் சாய்ந்து விழுகிறது. கீழ் அடுக்கில் டைனோசர் எலும்புகளாக முந்திரிகள் பல்லிளிக்கின்றன. மேல் அடுக்கில் பேருக்கு ஒன்றுகூட இல்லை. நடுவே நூல் பிடித்தாற்போல் ஒரு கறுப்புக் கோடு. "டைனோசர் அழிஞ்சதுக்கு இதாங்க சார் சாட்சி," என்கிறாள் வந்து நின்ற நடுவரிடம். "விண்கல் மோதினப்போ உலகம் பூரா படிஞ்ச தூசி. பூமியில அபூர்வமான இரிடியம்ங்கிற உலோகம் இதுல எக்கச்சக்கமா இருக்குதுங்க. கூடவே காடு எரிஞ்ச கரி." நடுவர் குனிந்து முகர்கிறார். "அடேயப்பா, கரி வாசனையே வருது! எப்படிம்மா இவ்வளவு தத்ரூபமா?" பக்கத்தில் நிற்கும் தந்தை, பேக்கரி நடத்தும் அத்தா அன்வர் பாஷா, வாயைத் திறப்பதற்குள் ஷகிலா அவர் காலை நறுக்கென்று மிதிக்கிறாள். நடுவர் சிரித்தபடி தாளில் 'முதல் பரிசு' என்று எழுதிவிட்டு நகர்கிறார். அத்தா காலைத் தேய்த்துக்கொண்டே கிசுகிசுக்கிறார். "விண்கல் கட்டுரைய படிச்சிக்கிட்டே நீ கீழ் கேக்கை அடுப்புல கருக வுட்டதைச் சொன்னா, பரிசைப் புடுங்கிக்கவா போறாங்க கண்ணு?"