லண்டன் குஞ்சம்

"படம் கீறுறதுக்கும் ஒரு டிகிரியோ? எங்கட காலத்தில சின்னப் பிள்ளையள் அதைச் சுவரில கீறி அடி வாங்குவினம் லா!"

விஸ்வலிங்கம் தன் பகிடிக்குத் தானே சிரித்தார். பினாங்குத் துறைமுகத்தில் தலைமைக் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே அவர் சிரித்தால் முப்பது பேர் சேர்ந்து சிரிப்பார்கள். இங்கே பெண்ணின் அப்பா விநாசித்தம்பி மட்டும் பேருக்குப் பல்லைக் காட்டினார். விஸ்வலிங்கத்தின் மனைவி நல்லம்மா முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

மகனுக்குப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். பெண் கமலாம்பிகை உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் ஓவியம் படித்துப் பட்டம் வாங்கியவள். விஸ்வலிங்கத்துக்கு அந்தப் பட்டம் இளக்காரம்தான். டத்தோ கிராமாட் சாலையில் இருந்த இந்தக் கல் வீடு மட்டும் இளக்காரமாகத் தெரியவில்லை.

"படிப்புக்கு எவ்வளவு முடிஞ்சுது?"

"எல்லாமா ஐயாயிரம் வெள்ளி வரும் அண்ணே."

"ஐயாயிரத்தைக் கொண்டுபோய்க் கடல்ல போட்டிருக்கிறீங்கள்! சரி, இப்ப என்ன வருமானம்?"

"சூலியா தெருவில ஒரு கடையில வேலை. மாசம் முந்நூற்றைம்பது..."

"கடையிலயோ!"

விஸ்வலிங்கம் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? நம்மவர் வீட்டுப் பெண், பட்டம் வாங்கிவிட்டுக் கடையில் போய் நிற்கிறாள். கடவுளே, கடவுளே!

"என்ர மகனைப் பாருங்கோ. ஆறு வருஷம் லண்டனில எக்கவுண்டன்சி. நாற்பதினாயிரம் வெள்ளி செலவழிச்சனான். படிப்பெண்டால் அது படிப்பு!"

"தம்பி இப்ப எங்க வேலை செய்யிறார்?"

"வந்து எட்டு மாசம்தானே? கண்ட கண்ட வேலைக்கெல்லாம் அவன் போக மாட்டான். அவன் இருக்கிற மாதிரி நாற்காலி பினாங்கில இன்னும் செய்யேல்ல!"

நல்லம்மா முறுக்குத் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"இப்ப நீங்களே சொல்லுங்கோ" என்று விஸ்வலிங்கம் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டார். "நாற்பதினாயிரத்தையும் ஐயாயிரத்தையும் ஒரே பந்தியில இருத்தலாமோ? குறையிறதை நீங்கள்தான் நிரப்ப வேணும். இந்த வீட்டை எழுதுங்கோ. மகளின்ர பேரில இல்லை, என்ர மகன்ர பேரில. மேலால காசா இருபதினாயிரம் வெள்ளி."

விநாசித்தம்பியின் முகம் செத்துப்போனது.

"எங்களுக்கு இருக்கிறது இந்த ஒரு வீடுதான் அண்ணே. எழுதிக் குடுத்தால் நானும் மனுசியும் வாடகை அறைதான் தேட வேணும்."

"தேடுங்கோவன். பிள்ளையைப் படம் கீற அனுப்பேக்கை யோசிச்சிருக்க வேணும்."

மகளுக்கு இருபத்தெட்டு முடிந்துவிட்டது. வந்த மூன்று சம்பந்தமும் இதே ஓவியப் படிப்பால் தட்டிப்போனவை. விநாசித்தம்பி தன் வீட்டுக் கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"சரி அண்ணே, எழுதுறன்" என்றார்.

அப்போதுதான் கமலாம்பிகை தேத்தண்ணியோடு வந்தாள். உள்ளே நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள் என்பது முகத்தில் தெரிந்தது. தெரிந்தால் தெரியட்டுமே! விஸ்வலிங்கம் காலடியில் வைத்திருந்த பொதியை எடுத்து, சுற்றியிருந்த பத்திரிகைத் தாளைப் பிரித்தார். பேச்சு முடியுமுன் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவது அவர்கள் குடும்பத்தில் வழக்கமில்லை. அதனால் கூடத்தில் மாட்டியிருந்த அவனுடைய பட்டமளிப்புப் படத்தைச் சட்டத்தோடு கழற்றிக் கொண்டுவந்திருந்தார். கொண்டுபோக வேண்டாம் என்று அவன் காலையில் கெஞ்சாத குறையாகக் கெஞ்சினான். பிள்ளைக்கு எவ்வளவு அடக்கம் என்று அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

"பார் பிள்ளை, உன்ர மாப்பிள்ளை. லண்டனில எடுத்த படம்."

கறுப்பு அங்கி. தட்டைத் தொப்பி. கையில் சுருட்டிய பட்டம். கமலாம்பிகை தேத்தண்ணித் தட்டை மேசையில் வைத்துவிட்டுப் படத்தைக் கையில் வாங்கினாள். வாங்கியவள் கண்ணெடுக்கவில்லை. பெண் மயங்கிவிட்டாள் என்று விஸ்வலிங்கத்துக்கு மனம் குளிர்ந்துபோனது.

"நல்லாப் பார்! அந்தத் தொப்பியில தொங்குற குஞ்சத்தைப் பார். ஒவ்வொரு நூலும் தெரியுது. உன்ர படிப்புக்கு உப்பிடி ஒண்டு கிடைக்குமோ?"

"அந்தக் குஞ்சம்தான் மாமா என்னைப் படாத பாடு படுத்தினது" என்றாள் கமலாம்பிகை. "ரெண்டு நாள் எடுத்தது."

"என்ன?"

"நான் வேலை செய்யிறது போட்டோ ஸ்டூடியோவில. உங்கட மகன் ஏழு மாசத்துக்கு முந்தி வெறும் ஷேர்ட்டோட வந்து நிண்டு படம் எடுத்தவர். அங்கி, தொப்பி, கையில இருக்கிற சுருள் எல்லாம் அந்தப் படத்துக்கு மேல நான் கீறினது." படத்தை அவர் மடியில் பக்குவமாக வைத்தாள். "நாற்பதினாயிரத்துக்கு லண்டன் குடுக்காத டிகிரியை, முப்பது வெள்ளிக்கு நான்தான் மாமா அவருக்குக் குடுத்தனான்."