எங்கும் கிடைக்காத விசை

துப்பாக்கியைப் பழுதுபார்க்கும் கடையின் மேசைமேல் கிடத்திவிட்டு, ஸ்டேஷன் மாஸ்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “இன்னைக்கு இதை முடிக்காம வீட்டுக்குப் போறதா இல்ல” என்றார். பக்கத்தில் பூட்டு வாங்க வந்தவர், எதை முடிக்கப்போகிறார் என்று கேட்டுக்கொள்ளாமலே நழுவிவிட்டார்.

உண்மையில் அந்தத் துப்பாக்கியால் ஒரு கொசுவைக்கூட மிரட்ட முடியாது. தாத்தா காலத்துச் சாமான். குழலில் ஈயம் ஊற்றி அடைத்து, இனி இது வெறும் கூடத்து அலங்காரம் என்று அரசாங்கமே முத்திரை குத்திக் கொடுத்திருந்தது. அவருக்கு வேண்டியதெல்லாம் விசையை அழுத்தினால் ‘டிக்’கென்று ஒரு சத்தம். அந்த விசைதான் காணவில்லை.

எதிரே நின்ற பழுதுபார்ப்பவருக்கு வியர்த்தது. ஊரில் அவரை ‘வெடி டாக்டர்’ என்பார்கள். குண்டு நிரம்பிய துப்பாக்கிகளையே அலட்சியமாகப் புரட்டும் டாக்டருக்கு, இந்தச் சுடாத துப்பாக்கியைக் கண்டால் மட்டும் பயம்.

ஸ்டேஷன் மாஸ்டர் ஓய்வுபெற்ற புதிதில் இதில் ஒரு ஸ்பிரிங் இல்லாமல் இருந்தது. அதைத் தேடிப் பழைய இரும்புக்கடை, ஏலக்கடை என்று அலைந்தார். கடைசியில் டாக்டர் எப்படியோ ஒன்றைப் பிடித்து மாட்டிக் கொடுத்தார். மறுவாரமே ஸ்டேஷன் மாஸ்டரின் மனைவி ஒரு கைக்குட்டை முடிச்சோடு கடையில் வந்து நின்றார். அவிழ்த்தால், அதே ஸ்பிரிங்.

அலைச்சல் நின்றதும் மனுஷர் சமையலறைக்குப் பொறுப்பேற்றுக்கொண்டாராம். கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பால் இன்றைக்கு ஏன் தாமதமாகப் பொங்கியது என்று விளக்கம் கேட்கிறாராம். மிக்சி ஓடக் கொடி காட்டாத குறைதானாம்.

“அண்ணே, இது உங்ககிட்டயே இருக்கட்டும்” என்றார் அந்த அம்மாள். “அவர் வந்து கேட்டா உடனே எடுத்து நீட்டிடாதீங்க. நாலு கடை ஏறி இறங்கிட்டு வரட்டும்.”

அன்றிலிருந்து இதுதான் நடைமுறை. துப்பாக்கி முழுசாகும்; கொஞ்ச நாளில் போல்ட் காணாமல் போகும், அடுத்து குறிபார்க்கும் தகடு, அப்புறம் ஏதாவதொரு திருகு. ஸ்டேஷன் மாஸ்டர் தெருத்தெருவாகச் சுற்றி, போகிற கடையிலெல்லாம் டீ குடித்து, ஊரெல்லாம் சிநேகிதம் பிடித்து, கன்னம் உப்பிப்போனார். மாட்டிக் கொடுக்கும் கூலிக்கு மேல் வாங்க டாக்டரின் மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. ஏன் இவ்வளவு மலிவு, எங்கே கிடைத்தது என்று ஸ்டேஷன் மாஸ்டரும் ஒருநாளும் கேட்டதில்லை. வெள்ளை மனசுக்காரர் என்று டாக்டர் நினைத்துக்கொள்வார்.

இந்தத் தடவைதான் டாக்டர் கோட்டை விட்டார். அம்மாள் கொடுத்துவிட்டுப் போன விசையைத் தட்டில் போட்டு வைத்திருந்தார். ஒரு நாடகக் குழுவின் துப்பாக்கிக்காக வரவழைத்திருந்த விசையும் அதே தட்டில் கிடந்தது. நாடகத் துப்பாக்கியில் மாட்ட, ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே கைக்கு வந்ததை எடுத்தார். உட்காரவில்லை. அந்தக் காலத்தில் ஒவ்வொரு பாகத்தையும் அந்தந்தத் துப்பாக்கிக்கென்றே கையால் அராவியிருப்பார்கள். கூடப் பிறந்த துப்பாக்கியில் போட்டால்கூட உட்காராது. டாக்டர் சளைக்காமல் அரத்தை எடுத்து, இடுப்பு, கழுத்து எல்லாம் இழைத்துப் பொருத்தி அனுப்பிவிட்டார். தட்டில் மிச்சம் கிடந்தது நாடகக்காரர்களின் விசை என்று கண்டுகொண்டபோது நாடகக் குழு ஊரைவிட்டே போயிருந்தது. திரும்பி வந்தாலும், அராவித் தேய்த்த அந்த விசை இனி இந்தத் துப்பாக்கிக்கு ஆகாது.

ஆக, இத்தனை காலம் தேடுவதாகப் பாவனை காட்டிய டாக்டர், முதல்முறையாக நிஜமாகவே தேடக் கிளம்பினார். ஒரு வியாபாரி கரண்டி அளவில் ஒன்றை அனுப்பி, தேய்த்தால் சரியாகிவிடும் என்றார். இன்னொருவர் விசை இல்லை, வேண்டுமானால் பீரங்கிச் சக்கரம் தருகிறேன் என்றார். மற்றவர்களோ, அப்படியொரு விசை கிடைத்தால் தங்களுக்கும் சொல்லச் சொன்னார்கள். யாரோ ரிட்டயரான பெரியவர் ஒருத்தர் டீ குடிக்க வரும்போதெல்லாம் அதைத்தான் கேட்கிறாராம்.

இப்போது அந்தப் பெரியவர் எதிரே உட்கார்ந்திருக்கிறார். உண்மையைச் சொன்னால் அம்மாளின் குட்டு உடையும். இத்தனை வருஷக் குடித்தனத்தில் கல் விழும். கிடைக்கவே கிடைக்காது என்று கைவிரித்தாலோ, மனுஷர் தேடுவதையே விட்டுவிட்டுக் கடிகாரத்தோடு சமையலறையில் போய் நிற்பார். அந்த அம்மாளின் முகத்தில் டாக்டர் எப்படி விழிப்பது?

குட்டு உடைவதைவிட இது மேல் என்று டாக்டர் துணிந்தார்.

“சார், தேடாத இடம் இல்ல. இதுக்கு விசை உலகத்துலயே கிடையாது. நீங்களும் இதோட விட்டுடுங்க.”

ஸ்டேஷன் மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அவர் முகத்தில் முதல்முறையாகக் கவலை தெரிந்தது. வாசலை ஒருதரம் பார்த்துவிட்டு, குரலைத் தணித்துக் கேட்டார்.

“ஏன், என் வீட்டுக்காரம்மா இன்னும் கொண்டுவந்து கொடுக்கலையா?”