லைன்லயே இருங்க

“மறுபடியும் பாட்டிலைத் தொட்டீங்களா?” சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு மெக்கானிக் போனில் அதட்டினார்.

ஸ்பீக்கரில் ஒரு ஆண்குரல் குழறியது. “தொட்டேன். காலைல இருந்து செத்துடலாம்னே தோணுது.”

“மனசுக்குக் குடுத்த மாத்திரை?”

“நிறுத்திட்டேன்.”

“ஆஸ்பத்திரிக்கு வாங்கன்னா கேக்கிறீங்களா?”

“அங்க எல்லாருக்கும் என்னைத் தெரியும்ப்பா. மானம் போயிடும்.”

“சரி, தெரியாத ஊருக்கே கூட்டிட்டுப் போறேன். போனை மட்டும் வச்சிடாதீங்க.”

அவர் வண்டிச் சாவியை எடுத்ததுமே மனைவி ஓடிவந்து வாசலை மறித்தாள்.

“குடியை விட்டு இப்பத்தான் மனுஷனா நடமாடுறீங்க. திரும்பவும் அந்தக் குடிகாரச் சகவாசமா? நாங்க நடுத்தெருவுக்கு வரணுமா?”

மெக்கானிக் போனைக் கையால் பொத்திக்கொண்டார்.

“என்கூடக் குடிச்சவர் இல்லம்மா. என் குடியை நிறுத்தின டாக்டர்.”